தலைக்கணக்கும் தாயுள்ளமும்

2004ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 26ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை காலை, இலங்கையின் கிழக்குக் கரையைக் கடல் மேவியது. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் ஊர்களின் கரையோரத் தெருக்கள் சிறிது நேரத்தில் இடிபாடும் மணலுமாயின. அன்று கல்முனை வைத்தியசாலைக்கு எடுத்துவரப்பட்டோருள் பால்குடி மறவாத ஆண் குழந்தை ஒன்றும் இருந்தது. அதன் பெயரைச் சொல்ல ஆளில்லை. பெற்றார் உயிரோடிருக்கின்றனரா என்பதையும் எவரும் அறியார். அன்று அங்கு சேர்க்கப்பட்டோர் வரிசையில் அது 81ஆவது ஆகையால், "81ஆம் இலக்கக் குழந்தை" என்பதே அதற்குப் பெயராயிற்று. அந்தப் பெயராலேயே அதனை உலகம் அறிந்தது.

பேரழிவு நேர்ந்த நாளில் மனிதரை எண்ணுவது தவிர்க்க முடியாத பணியாகும். மாண்டோர் எத்தனை பேர், காணாமற்போனோர் எத்தனை பேர், எஞ்சியோர் எத்தனை பேர் என்பதை அறியாமல் உணவு பகிரவும் முடியாது. கூடாரம் அமைக்கவும் முடியாது. அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் 10,000 பேருக்கு மேல் உயிரிழந்தனர். நாடு முழுவதிலும் அந்தத் தொகை 30,000க்கு மேற்பட்டது. ஆனால் எண்ணும் வழக்கம் அவ்வளவில் நின்றுவிடுவதில்லை. எங்கள் ஊர் மீளுமா, எங்கள் குலம் தழைக்குமா என்ற ஏக்கம் அதனைத் தொடர்ந்து எழுகின்றது. அந்த ஏக்கம் எழுந்தவுடன் ஊராரின் பார்வை பெண்களின் பக்கம் திரும்புகின்றது. பிள்ளை பெறுவதும் பெறாமலிருப்பதும் ஒரு பெண்ணின் முடிவா, அன்றி அவள் பிறந்த இனத்தின் தேவையா? கல்முனைக் கரையின் கடந்த நூற்றாண்டு வரலாறு இந்தக் கேள்விக்குப் பலமுறை முகங்கொடுத்திருக்கின்றது.

இதே கேள்வியை விஞ்ஞானப் புனைகதைத் தொலைக்காட்சி நாடகமொன்றும் அக்காலத்திலேயே எடுத்துக்கொண்டது. "பாட்டில்ஸ்டார் கலாக்டிகா" என்பது 2004ஆம் ஆண்டு முதல் 2009ஆம் ஆண்டு வரை ஒளிபரப்பான அமெரிக்கத் தொடர். மனிதரின் உலகங்கள் யாவும் இயந்திரங்களால் அழிக்கப்பட, ஏறத்தாழ 50,000 பேர் மாத்திரம் விண்கலங்களில் ஏறித் தப்பி ஓடுகின்றனர் என்பது அதன் கதை. எஞ்சியோரின் தொகை ஒரு பலகையில் எழுதப்பட்டிருக்கின்றது. ஒவ்வொரு சாவுக்கும் ஒவ்வொரு பிறப்புக்கும் அந்த எண் மாற்றி எழுதப்படுகின்றது. 2006ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஒளிபரப்பான ஒரு பகுதியில், கருவுற்ற இளம்பெண் ஒருத்தி அக்கருவைக் கலைத்துக்கொள்ள விரும்பிப் பெற்றோரிடமிருந்து ஓடிவந்து அடைக்கலம் கேட்கின்றாள். குடியரசுத் தலைவியோ தம் வாழ்நாளெல்லாம் பெண்களின் உரிமைக்காக வாதாடியவர். எனினும் இவ்வாறே போனால் மனித குலம் அழிந்துவிடும் என்ற கணக்கு அவர் முன் வைக்கப்படுகின்றது. அவர் அந்தப் பெண்ணுக்கு அடைக்கலம் அளித்துவிட்டு, இனிமேல் எவரும் கருவைக் கலைக்கலாகாது என்ற ஆணையில் கையொப்பமிடுகின்றார். அவர் முகத்தில் வெற்றிக் களிப்பு இல்லை.

கதை எழுதியோர் அந்தத் தலைவியைக் கொடியவராகக் காட்டவில்லை என்பது கவனிக்கத்தக்கது. அழிவின் விளிம்பில் நிற்கும் மக்களுக்கு வேறு வழி உண்டா என்று அவர்கள் கேட்கின்றனர். அது நேர்மையான கேள்வி. அதற்கு விடை தேட விண்வெளிக்குப் போக வேண்டியதில்லை.

மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் தமிழரிடையும் முஸ்லிம்களிடையும் பழமையான வழக்கமொன்று உண்டு. அதுவே குடிமுறை. ஒருவர் எந்தக் குடியைச் சேர்ந்தவர் என்பதைத் தந்தையின் வழி தீர்மானிப்பதில்லை; தாயின் வழியே தீர்மானிப்பர். மகளுக்கு வீடு கட்டிச் சீதனமாகக் கொடுப்பதும், மணமகன் மனைவியின் வீட்டுக்கு வந்து வாழ்வதும் இக்கரையின் மரபு. கோயிற் காரியங்களிலும், முன்னாளிற் பள்ளிவாசல் நிர்வாகத்திற் குடிக்கொரு மரைக்காயர் அமர்ந்த ஒழுங்கிலும் இதே தாய்வழி முறை பேணப்பட்டது. ஆகவே ஒரு குடியின் தொடர்ச்சி தாயைப் பொறுத்தது என்பதை இக்கரை மக்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் குடி தாயின் வழியே தொடர்கின்றது என்பது ஒன்று. தாய் குடிக்காகவே பிள்ளை பெற வேண்டும் என்பது வேறொன்று. அந்த இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடே இங்கு ஆராயப்படுவது.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இலங்கையின் உலர்வலயத்தை மலேரியாக் காய்ச்சல் வாட்டியது. 1934ஆம், 1935ஆம் ஆண்டுகளில் மூண்ட பெருந்தொற்றில் நாட்டில் ஏறக்குறைய 80,000 பேர் மாண்டனர். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், 1946ஆம் ஆண்டு முதல், வீடுதோறும் டி.டி.டி. மருந்து தெளிக்கப்பட்டது. ஆயிரம் பேருக்கு 20 என்றிருந்த ஆண்டு மரண வீதம் 1947இல் 14ஆகக் குறைந்தது. ஒரே ஆண்டில் இத்தகைய வீழ்ச்சி உலக வரலாற்றில் அரிது. மருந்தோடு, விரிந்துவந்த வைத்திய வசதிக்கும் போருக்குப் பிந்திய உணவு நிலைக்கும் இதிற் பங்குண்டு என்று பின்வந்த ஆய்வாளர் எடுத்துக்காட்டியுள்ளனர். காரணம் எவ்வாறாயினும், சாவு குறைந்தது, பிறப்பு குறையவில்லை. 1946இல் 67 இலட்சத்தை அணுகியிருந்த சனத்தொகை 1963இல் ஒரு கோடியைத் தாண்டிற்று. அதுகாறும் மக்கள் குறைகின்றனரே என்று அஞ்சிய நாடு, மக்கள் பெருகுகின்றனரே என்று அஞ்சத் தொடங்கிற்று.

அந்த அச்சத்துக்கு முன்னமே, பெண்ணின் நலன் என்ற வேறொரு நோக்கில் இப்பணியைத் தொடங்கியவர்கள் இருந்தனர். கனடாவிலிருந்து வந்து இலங்கைத் தமிழரை மணந்து இங்கேயே வாழ்ந்த வைத்தியர் மேரி இரட்ணம் அம்மையார் 1937ஆம் ஆண்டிலேயே கொழும்பில் ஒரு குடும்பத்திட்ட நிலையத்தைத் திறந்தார். அஃது நெடுநாள் நீடிக்கவில்லை. 1953ஆம் ஆண்டில் இலங்கைக் குடும்பத்திட்டச் சங்கம் தோன்றியது. அதன் முன்னணியில் நின்று உழைத்தவர் மகப்பேற்று வைத்தியர் சிவா சின்னத்தம்பி அம்மையார். அடுத்தடுத்துப் பிள்ளை பெற்று உடல் தேய்ந்து மருத்துவமனைக்கு வந்த தாய்மாரை நாள்தோறும் கண்டவர் அவர். 1958இல் சுவீடன் அரசுடன் உடன்படிக்கை செய்யப்பட்டது. 1965இல் அரசாங்கமே குடும்பத்திட்டப் பணியை ஏற்றுத் தாய்சேய் நலச் சேவையோடு இணைத்தது.

இணைத்த அந்தச் செயலிற்றான் இலங்கையின் வெற்றி தங்கியிருந்தது. கருத்தடை பற்றிப் பேச ஊருக்குள் வந்தவர் புதியவரல்லர். கருவுற்ற நாள் முதல் வீட்டு முற்றத்துக்கு வந்து, பிரசவம் பார்த்து, குழந்தையை நிறுத்து, தடுப்பூசிக்கு நாள் குறித்துத் தந்த மருத்துவிச்சியே அதனையும் சொன்னாள். சாகாமல் வளரும் என்று நம்பத்தக்க இரண்டு பிள்ளைகள் இருக்கும்போது, எட்டுப் பிள்ளை பெற்று நாலைப் புதைக்க வேண்டிய தேவை தாய்க்கு இருக்கவில்லை. 1930களில் ஒரு இலட்சம் பிறப்புகளுக்கு 2,000க்கு மேற்பட்ட தாய்மார் இறந்தனர். 2010களில் அந்தத் தொகை 40க்குக் கீழே வந்திருந்தது. 1950களில் ஒரு பெண்ணுக்குச் சராசரி ஐந்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் என்றிருந்த நிலை, நூற்றாண்டின் முடிவில் இரண்டை அணுகிற்று. பெண்கல்வியும் காலந்தாழ்த்திய திருமணமும் இதற்குத் துணைநின்றன. முஸ்லிம் குடும்பங்களிடையேயும் இந்தக் குறைவு, சற்றுப் பிந்தியேனும், நிகழ்ந்தது.

மார்க்கம் இதற்கு முற்றாகத் தடைநின்றது என்று எண்ணுவது பிழை. பதினோராம் நூற்றாண்டிற் பிறந்த இமாம் கஸ்ஸாலி, கருத்தரியாமல் தடுக்கும் பண்டைய முறையைப் பற்றி விரிவாக எழுதி, மனைவியின் உடல்நலத்தைப் பேணுவதும் மிகுந்த பிள்ளைகளால் வரும் இடரைத் தவிர்ப்பதும் ஏற்கத்தக்க காரணங்கள் என்று கருதினார். பழைய இஸ்லாமியச் சட்டவறிஞர் பலர் அதற்கு மனைவியின் சம்மதத்தையும் நிபந்தனையாக்கினர். பெண்ணைக் கேட்க வேண்டும் என்ற எண்ணம் மேனாட்டிலிருந்து நேற்று வந்ததன்று என்பதற்கு இஃதொரு சான்று.

எனினும் இலங்கையின் திட்டமும் முழுக்க மாசற்றதாக இருக்கவில்லை. 1980ஆம் ஆண்டு முதல், நிரந்தரக் கருத்தடை அறுவைக்கு உடன்பட்டோருக்குப் பணம் வழங்கப்பட்டது. பஞ்சகாலத்தில் ஓர் ஏழைத் தாய் நீட்டிய கையிற் பணத்தை வைத்துப் பெறும் சம்மதம் முழுமையான சம்மதமா என்ற வினா அப்பொழுதே எழுந்தது. தாயின் நலன் என்ற நோக்கம் பின்னே தள்ளப்பட்டு, எண்ணிக்கை என்ற இலக்கு முன்னே வரும்பொழுதெல்லாம் இவ்வினா எழுவது இயல்பு.

அயல்நாடான இந்தியாவில் இந்த இலக்கு எவ்வளவு தூரம் செல்லக்கூடும் என்பதை நெருக்கடி நிலைக் காலம் காட்டிற்று. 1976ஆம் ஆண்டு முதல் 1977ஆம் ஆண்டு வரையிலான ஒரே வருடத்தில் 80 இலட்சத்துக்கு மேற்பட்டோருக்குக் கருத்தடை அறுவை செய்யப்பட்டது. உத்தியோகத்தர்களுக்கு இத்தனை பேர் என்று அளவு விதிக்கப்பட்டது. பங்கீட்டு அட்டை, கடன், சம்பளம் ஆகியவற்றுக்கு அறுவைச் சான்றிதழ் கேட்கப்பட்டது. அரியானாவிலுள்ள உட்டாவர் என்ற முஸ்லிம் கிராமத்தைப் பொலிசார் இரவிற் சூழ்ந்து ஆண்களை அள்ளிச் சென்றனர். 1977ஆம் ஆண்டுத் தேர்தலில் ஆட்சி கவிழ்ந்தது. ஆனால் அதனினும் நீண்ட தீங்கு வேறொன்று. குடும்பத்திட்டம் என்ற சொல்லைக் கேட்டாலே மக்கள் ஓடி ஒளிந்தனர். ஆண்கள் அறுவைக்கு முன்வருவது அற்றுப்போக, அந்தச் சுமை முழுவதும் பெண்களின் மேல் விழுந்தது.

ருமேனியாவில் இதற்கு நேர்மாறான ஆணை பிறந்தது. பிறப்பு குறைகின்றது, நாடு தேய்கின்றது என்று அஞ்சிய சௌசெஸ்கு அரசு 1966ஆம் ஆண்டு 770ஆம் இலக்கக் கட்டளையால் கருச்சிதைவைத் தடைசெய்தது. நான்கு பிள்ளைகளைப் பெற்றோருக்கும் 45 வயதைக் கடந்தோருக்கும் வேறு சிலருக்குமே விலக்கு அளிக்கப்பட்டது. ஆயிரத்துக்கு 14 என்றிருந்த பிறப்பு வீதம் 1967இல் 27ஆக உயர்ந்தது. தலைவர் மகிழ்ந்தார். ஆனால் மக்கள் களவு வழிகளைக் கண்டறிந்தனர். பிறப்பு வீதம் மறுபடி இறங்கி, 1980களில் பழைய நிலைக்கே வந்துவிட்டது. இடையே ஏறக்குறைய 10,000 பெண்கள் பாதுகாப்பற்ற கருச்சிதைவினால் மாண்டனர். வேண்டாது பிறந்த குழந்தைகள் அனாதை இல்லங்களில் நிறைந்தனர். 1989ஆம் ஆண்டு டிசம்பரில் அந்த ஆட்சி வீழ்ந்ததும் புதிய அரசு முதலில் நீக்கிய சட்டங்களுள் இதுவும் ஒன்று. கனடிய எழுத்தாளர் மார்கரெட் அட்வுட் 1985இல் வெளியிட்டு, 2017இல் தொலைக்காட்சித் தொடராகவும் வந்த நாவலில், பிறப்பு அருகிய நாட்டில் பெண்கள் பிள்ளை பெறும் அடிமைகளாக்கப்படுவதைக் காண்கிறோம். வரலாற்றில் எங்கும் நிகழாத எதனையும் அதிற் சேர்க்கவில்லை என்று அவர் கூறியிருக்கின்றார். அவர் கண்முன் இருந்த வரலாறுகளுள் ருமேனியாவும் ஒன்று.

ஆக, குறைக்கும் ஆணையும் பெருக்கும் ஆணையும் ஒரே தாயின் இரு பிள்ளைகள். இரண்டும் கருப்பையை அரசின் கணக்கேட்டில் ஒரு பக்கமாக எழுதிக்கொள்கின்றன.

மீண்டும் அம்பாறைக்கு வருவோமாயின், அங்கு இந்தக் கணக்கு வேறொரு வடிவெடுத்திருப்பதைக் காணலாம். 1949ஆம் ஆண்டு தொடங்கிய கல்லோயாத் திட்டம் இங்கினியாகலையில் நீரைத் தேக்கிப் புதிய குடியேற்றங்களை உண்டாக்கிற்று. 1961இல் மட்டக்களப்பிலிருந்து அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிந்தது. எந்த இனத்தார் எத்தனை பேர் என்ற கேள்வி, காணி, நீர், நாடாளுமன்ற ஆசனம் ஆகிய யாவற்றோடும் பிணைந்தது. கரையோரத் தமிழ் பேசும் மக்கள், முஸ்லிம்களும் தமிழரும், தம் சொந்த மண்ணிற் சிறுத்துப்போகின்றோமோ என்று அஞ்சினர். மறுபுறத்தில், உலகில் தமக்கு வேறு நாடில்லை என்று கருதும் பெரும்பான்மையினருள் ஒரு சாரார், மற்றையோர் பெருகித் தம்மை விழுங்கிவிடுவர் என்று அஞ்சினர். ஒவ்வோரினமும் தன்னையே அந்த விண்கலத்தில் எஞ்சிய கடைசி மக்களாக எண்ணிக்கொண்டது.

குடிசன மதிப்பு சொல்வது வேறு. 1946ஆம் ஆண்டில் நாட்டின் சனத்தொகையில் நூற்றுக்கு 69 ஆக இருந்த சிங்கள மக்கள் 2012இல் நூற்றுக்கு 75 ஐ நெருங்கியிருந்தனர். மலையகத் தமிழர் பலர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டதும், போரினால் தமிழர் புலம்பெயர்ந்ததும் இதற்குக் காரணங்களுட் சேரும். முஸ்லிம்களின் பங்கு 1981இல் நூற்றுக்கு ஏழரை அளவாகவும் 2012இல் நூற்றுக்கு ஒன்பதரைக்குச் சற்று மேலாகவும் இருந்தது. விழுங்கப்படும் நிலை எவ்விடத்தும் இல்லை. ஆனால் அச்சம் புள்ளிவிவரத்தைப் படித்துவிட்டு எழுவதன்று.

2009இல் போர் முடிந்தபின், படையினரின் குடும்பங்களில் மூன்றாவது பிள்ளைக்கு 1,00,000 ரூபா வழங்கும் திட்டம் வந்தது. சிங்களத் தாய்மார் கூடுதலாகப் பிள்ளை பெற வேண்டும் என்று சில அமைப்புகள் மேடையேறிப் பேசின. 2013இல், கிளிநொச்சி மாவட்டத்தின் வேரவில், வலைப்பாடு, கிராஞ்சி முதலிய ஊர்களிற் தமிழ்த் தாய்மாருக்கு அவர்களின் முழு விருப்பமின்றிக் கருத்தடைச் சாதனம் பொருத்தப்பட்டது என்ற முறைப்பாடு வெளிவந்தது. அதிகாரிகள் அதனை மறுத்தனர். ஓரினத்தாயைப் பெறு என்று தூண்டும் குரலும், இன்னோரினத்தாயைப் பெறாதே என்று தடுப்பதாக எழுந்த ஐயமும் ஒரே காலத்தில் ஒரே நாட்டில் ஒலித்தன.

2018ஆம் ஆண்டு பெப்ரவரி மாத இறுதியில் அந்த ஐயம் தீயாக மூண்டது. அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவர் நடத்திய உணவுக்கடையில் உண்ண வந்தவர்கள், உணவிற் காணப்பட்ட கட்டியொன்றைக் காட்டி, இது சிங்களவரை மலடாக்கும் மாத்திரை என்று ஆர்ப்பரித்தனர். சிங்களம் செவ்வையாக அறியாத கடைக்காரர் அச்சத்தில் தடுமாறிச் சொன்ன விடை, குற்ற ஒப்புதலாகப் படம்பிடிக்கப்பட்டு முகநூலிற் பரப்பப்பட்டது. அன்றிரவே கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. சில நாட்களில் கண்டி மாவட்டத்தின் திகனைப் பகுதியில் கலவரம் வெடித்தது. மார்ச் மாதம் 6ஆந் திகதி அவசரகால நிலை பிரகடனமாயிற்று. அரச இரசாயனப் பகுப்பாய்வில் அந்தக் கட்டி வெறும் மாப்பொருள் என்று தெரிந்தது. உண்டவரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை எதுவும் மருத்துவ உலகில் இல்லை என்று வைத்தியர்கள் எடுத்துரைத்தனர். இல்லாத மாத்திரைக்காக இருந்த வீடுகள் எரிந்தன. முகநூல் நிறுவனம் அந்த வன்முறையில் தன் தளத்துக்கிருந்த பங்குக்காக 2020இல் மன்னிப்புக் கேட்டது.

அடுத்த ஆண்டு, உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புக்குப் பின், குருநாகலில் பணியாற்றிய முஸ்லிம் வைத்தியர் ஒருவர் 4,000 சிங்களத் தாய்மாரை இரகசியமாக மலடாக்கினார் என்று ஒரு நாளிதழ் எழுதிற்று. அவர் கைதானார். நூற்றுக்கணக்கான பெண்கள் முறைப்பாட்டோடு வந்தனர். குற்றச்சாட்டுக்குச் சான்றில்லை என்று குற்றப் புலனாய்வுத் துறையினர் நீதிமன்றுக்கு அறிவித்தனர். அந்த வைத்தியர் பட்ட துயரம் ஒருபுறமிருக்க, அந்தப் பெண்களின் நிலையும் எண்ணத்தக்கது. சுகமாகப் பிள்ளை பெற்று வீடு திரும்பிய தாய்மார், தம் உடலுக்குள் எவரோ களவு செய்துவிட்டார்களோ என்று ஐயுறும்படி ஆக்கப்பட்டனர். மருத்துவிச்சியும் வைத்தியரும் எழுபதாண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த நம்பிக்கையைத் தலைக்கணக்கு அச்சம் சில வாரங்களில் சிதைத்தது. அந்த நம்பிக்கை சிதையுமாயின் எந்த இனத்தாயும் பாதுகாப்போடு பிள்ளை பெற முடியாது.

இனி, உண்மையிலேயே அழிவு நேர்ந்த வேளைக்குத் திரும்புதல் தகும். கடற்கோளுக்குப் பின் அம்பாறை மாவட்டத்தின் முகாம்களில் நடத்தப்பட்ட ஆய்வொன்று, அக்குடும்பங்களில் ஆண்களில் நூற்றுக்கு 8 பேரும் பெண்களில் நூற்றுக்கு 17 பேருக்கு மேலும் இறந்ததைக் கண்டது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கினர் மாண்டனர். அந்தக் காலை நேரத்தில் பெண்கள் கரையோர வீடுகளில் பிள்ளைகளோடு இருந்தனர். குலத்தின் எதிர்காலத்தைப் பற்றிப் பேசுவோர் இந்த எண்களை முதலில் நோக்க வேண்டும். எந்த ஆணை பிறக்கும் முன்னரும், தாய்மார் உயிரோடிருக்க வேண்டுமன்றோ?

கடலுக்கு அப்பால், நாகப்பட்டினக் கரையில் வேறொரு துயரம் தெரியவந்தது. இரண்டு பிள்ளைகளோடு போதும் என்று கருத்தடை அறுவை செய்துகொண்ட மீனவப் பெண்கள் பலர், அப்பிள்ளைகளை அலைக்குப் பறிகொடுத்திருந்தனர். தமிழ்நாட்டு அரசு 2005ஆம் ஆண்டில், விரும்பிய பெண்களுக்குக் கருக்குழாயை மீண்டும் இணைக்கும் அறுவையை இலவசமாகச் செய்ய ஏற்பாடு செய்தது. அறுவை செய்துகொண்ட எல்லோருக்கும் அது கைகூடவில்லை. எனினும் அந்த ஏற்பாட்டின் இயல்பு நினைவிற் கொள்ளத்தக்கது. அரசு எவரையும் பிள்ளை பெறச் சொல்லவில்லை. பெற விரும்பிய தாய்க்கு வழி திறந்துவிட்டது.

அதே கடற்கோளால் மிகப் பெரும் அழிவைக் கண்டது இந்தோனேசியாவின் ஆச்சே மாநிலம். அங்கு ஆண்டுக்கணக்கில் நடத்தப்பட்டு 2015இல் வெளியான ஆய்வு, கடற்கோளுக்குப் பின் பிறப்புகள் உயர்ந்ததைக் காட்டிற்று. பிள்ளைகளை இழந்த தாய்மார் மறுபடி கருவுற்றனர். அதனினும் வியப்புக்குரியது யாதெனில், இழப்பு மிகுந்த ஊர்களில், அதுவரை பிள்ளை பெறாதிருந்த பெண்களும் முன்னதாகவே தாயாகினர். சட்டம் இல்லை, கட்டளை இல்லை, எஞ்சியோரின் எண்ணிக்கையை எழுதும் பலகையும் இல்லை. தம் ஊர் வெறுமையானதைக் கண்ட பெண்கள் தாமே தீர்மானித்தனர்.

விண்கலத்துத் தலைவி எழுப்பிய கேள்விக்கு இங்கே விடை கிடைக்கின்றது. அழிவுக்குத் தப்பிய மக்கள் பிள்ளை பெற மறுப்பதில்லை. நாளை என்று ஒன்று உண்டென்று நம்பத்தக்க நிலை வந்தால் தாமாகவே பெறுகின்றனர். அந்த நம்பிக்கையைக் கூரை தரும், பால் தரும், பயிற்சி பெற்ற மருத்துவிச்சியின் கை தரும். ஆணை அதனைத் தருவதில்லை. 1968ஆம் ஆண்டு தெஹரானிற் கூடிய ஐக்கிய நாடுகளின் மனித உரிமை மாநாடு, எத்தனை பிள்ளைகள், எவ்வளவு இடைவெளியில் என்பதைச் சுதந்திரமாகவும் பொறுப்போடும் தீர்மானிப்பது பெற்றோரின் அடிப்படை உரிமை என்று அறிவித்தது. சுதந்திரம், பொறுப்பு என்ற இரண்டு சொற்களும் அங்கு சேர்ந்தே நிற்கின்றன. தன் குலத்தை நேசிக்கும் பெண் அந்தப் பொறுப்பைத் தன் தீர்மானத்தில் ஏற்கின்றாள். பிறர் அவள் மேற் சுமத்துவது அதனைப் பொறுப்பாக்காது.

இலங்கைச் சட்டம் இவ்விடயத்தில் இன்னும் இடறிக்கொண்டே நிற்கின்றது. 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை, தாயின் உயிரைக் காக்கும் நோக்கத்துக்காக மாத்திரமே கருச்சிதைவை அனுமதிக்கின்றது. வன்புணர்ச்சிக்கு ஆளான பெண்ணுக்கேனும் விலக்களிக்க வேண்டும் என்று 1995இலும் 2017இலும் எழுந்த முயற்சிகள் நிறைவேறவில்லை. இதில் மார்க்க அறிஞருக்கும் வைத்தியருக்கும் சட்டவாளருக்கும் இடையே கருத்து வேறுபாடு உண்டு. அது மதித்துப் பேச வேண்டிய வேறுபாடு. ஆனால் கருவின் உயிரைப் பற்றிய அறவாதம் வேறு; இனத்தின் தலைக்கணக்கைப் பற்றிய அரசியல் வேறு. பின்னது முன்னதன் போர்வையைப் போர்த்திக்கொண்டு வரும்போது மக்கள் அதனை அடையாளம் காண வேண்டும்.

81ஆம் இலக்கக் குழந்தையின் கதை இவ்வாறு முடிந்தது. பிள்ளை இழந்த பல குடும்பங்கள் அதனைத் தம்முடையது என்று கோரியதாக உலகச் செய்திகள் பரப்பின. நீதிமன்றம் வரை வந்து வழக்காடியது ஒரு தம்பதியே. கல்முனை நீதிமன்றம் மரபணுச் சோதனைக்குக் கட்டளையிட்டது. 2005ஆம் ஆண்டு பெப்ரவரியில் முடிவு வந்தது. குழந்தை அவர்களுடையதே. தாய் அதனைக் கையில் வாங்கிக்கொண்டாள். வைத்தியசாலை ஏட்டில் 81 என்று எழுதப்பட்டிருந்த பிள்ளையை அவள் அதன் பெயர் சொல்லி அழைத்தாள்.